சச்சிதானந்தன் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த புள்ளடி

எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னியின் பரமட்டாவில் இருந்த இலங்கைத் தமிழர் எல்லோரையும் ஒரு பெரிய மேசையைச் சுற்றி இருத்திவிடலாம். யாரும் அழைக்காமலே அதன் தலைமாட்டுக் கதிரையில் போய் உட்காரக்கூடியவர் சச்சிதானந்தன் மாஸ்டர். ஊரில் வாத்தியார், இங்கே ஒரு தொழிற்சாலையில் கணக்குக் கிளார்க். வேலை இறங்கினாலும் குரல் இறங்கவில்லை.

அவருக்குப் பரமட்டா தொகுதி என்றால் உயிர். "அவுஸ்திரேலியாவில முதல் பாராளுமன்றம் கூடின காலத்தில இருந்தே இருக்கிற தொகுதி இது. இதின்ர முதல் மெம்பர் பிறகு பிரதமராய் வந்தவர்" என்று பிறந்தநாள் விருந்திலும் தொடங்கிவிடுவார். கேக் வெட்டக் கத்தியோடு நிற்கும் பிள்ளை அப்படியே நிற்கும்.

1973இல் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. அந்தக் காலத்தில் இலங்கையர் போன்ற பொதுநலவாய நாட்டவர் குடியுரிமை எடுக்காமலே இங்கே வாக்களிக்கலாம். மாஸ்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு டொரீன் ஒரு கட்சிக்காக ஓடியாடி வேலை செய்பவர். கறுத்த முகத்தைக் கண்டதும் வீடு இல்லையென்று கைவிரித்த ஏஜென்டுகளோடு சண்டை பிடித்து, எங்கள் ஆட்களுக்கு வீடு எடுத்துக் கொடுத்தவர். நன்றிக்கடன் தீர்க்க மாஸ்டருக்கு வேறு வழி இருக்கவில்லை. எங்கள் வோட்டு முழுக்க உங்கள் ஆளுக்குத்தான் என்று வேலியருகே நின்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நாங்கள் படித்த சனம், சொல்லித்தரவும் தேவையில்லை என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

பிறகு எல்லோரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு வகுப்பு எடுத்தார்.

"ஒரேயொரு புள்ளடி, பெருக்கல் அடையாளம் மாதிரி. எங்கட ஆளின்ர பேருக்கு நேரை. வேறை என்ன கீறினாலும் வோட்டு செல்லாது. வாசலில ஆரும் துண்டுக் கடதாசி நீட்டினால் தொடக் கூடாது, அது குற்றம். கையைப் பின்னால கட்டிக்கொண்டு உள்ளை போங்கோ."

ஊரில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். அங்கே அதுதான் சட்டம். இங்கேயோ எல்லா வேட்பாளருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட வேண்டும். அந்த வரிசையைக் காட்டும் துண்டைத்தான் கட்சிக்காரர் வாசலில் நின்று கொடுப்பார்கள். வாக்குச்சீட்டின் மேலேயே விளக்கமும் அச்சடித்திருக்கும். எல்லாம் தெரிந்த மனுஷன் அதையெல்லாம் வாசிப்பாரா?

வகுப்பில் முன்வரிசையில் இருந்தவள் யோகராணி. தாதிப் பயிற்சிக்கு வந்தவள், இருபது வயது. ஊரில் அவளுக்கு வோட்டுப் போட வாய்க்கவில்லை, இதுதான் முதல் தடவை. பழைய பேப்பரில் புள்ளடி கீறிக் கீறிப் பழகினாள்.

தேர்தல் நாளன்று டொரீன் வாசலில் நின்று துண்டு நீட்டினார். எங்கள் ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள்.

பொழுதுபட்டதும் கட்சியின் சார்பில் எண்ணலைப் பார்க்க வேண்டியவர் வரவில்லை. டொரீன் மாஸ்டரை அனுப்பினார். ஊரில் வாக்குப்பெட்டியை எண்ணுவதற்கு மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இங்கே வாக்களித்த அதே மண்டபத்தில் சீட்டுகளை மேசையில் கொட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு புள்ளடி வந்தது. அதிகாரி அதை ஒதுக்கி வைத்தார். பிறகு இன்னொன்று, அதன் பிறகு இன்னொன்று. எல்லாம் ஒரே பேருக்கு நேரே, எல்லாம் வடிவான புள்ளடி.

"பாவம், எழுத வாசிக்கத் தெரியாத யாரோ" என்றார் அதிகாரி.

தன்னுடையதையும் மாஸ்டர் அடையாளம் கண்டார். காதெல்லாம் சுட்டது.

டொரீனின் ஆள் தோற்றுப்போனார். செல்லாமல் போன எங்கள் வோட்டுகளையும் சேர்த்திருந்தாலும் தோற்றிருப்பார்தான். ஆனால் அந்த நினைப்பு மாஸ்டருக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அடுத்த கிழமை டொரீன் ஒரு கேக்கோடு வந்து, உங்கள் சனத்துக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்றார். மாஸ்டர் அதை வாங்கிச் சாப்பிட்டார். அதன்பின் பிறந்தநாள் வீடுகளில் தொகுதிக் கதை வரவில்லை, பிள்ளைகள் நேரத்துக்குக் கேக் வெட்டினார்கள்.

எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம்தான். பிழை விட்டதற்கு அல்ல. அடுத்த தேர்தல் அறிவித்த பிறகும் உண்மையைச் சொல்லவென்று வீடு வீடாகப் போய், தேத்தண்ணி குடித்து, வெட்கத்தில் ஒன்றும் சொல்லாமல் திரும்பினாரே, அதற்கு.

1974 மே மாதம், தேர்தல் நாள். கடைசியில் மாஸ்டர் பள்ளிக்கூட வாசலில் டொரீனுக்குப் பக்கத்தில் துண்டுகளோடு நின்றார். முதலில் வந்தவள் யோகராணி. அவர் துண்டை நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டு கைகளைப் பின்னால் கட்டினாள்.

"என்னைச் சோதிக்கிறியளோ அங்கிள்? தொடக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவள் என்ன சொல்கிறாள் என்று டொரீன் கேட்டார்.

மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். "பிள்ளை, நான் சொன்னது பிழை. இஞ்சை இலக்கம்தான் போட வேணும். அண்டைக்கு எங்கட ஒருத்தற்ற வோட்டும் செல்லேல்லை. என்ரதும்தான்."

அதையே டொரீனுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலம் தட்டுத் தடுமாறி வந்தது. டொரீனின் கை துண்டுகளோடு கீழே இறங்கியது.

"முதல் வோட்டுப் போட்டிட்டன் எண்டு அம்மாவுக்கு எழுதினனான் அங்கிள்" என்றாள் யோகராணி. துண்டை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வரிசையில் போய் நின்றாள்.

அவளுக்குப் பின்னால் எங்கள் ஆட்களில் ஒரு குடும்பம் வந்து கொண்டிருந்தது. எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள்.