வெடி லாரியில் மரம் ஏற்றிய கதை

எங்கள் லாரிக்கு எங்கள் கல்யாணத்தைவிட ஒரு வயது அதிகம். வண்டி வாங்கிய நாளை என் வீட்டுக்காரர் ஒரு வருடமும் மறந்ததில்லை. கல்யாண நாளைத்தான் மறப்பார்.

ஆறு சக்கரம், பின்னால் பெரிய தகரப் பெட்டி. எம். புதுப்பட்டியில் பட்டாசு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன வண்டி அது. இருபது வருடத்தில் ஒரு சரவெடிகூடச் சிந்தாமல் ஓட்டியவர் இவர். போன சீசனில் கம்பெனிக்காரர்கள் புது வண்டிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். லோடு நின்றுபோனது. பழைய வண்டிகளை உடைக்க வாங்கும் ஆள் ஒருவர் வந்து, டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. என்னை யாராவது வந்து உதைத்துப் பார்த்திருந்தால் இரண்டு இட்லியாவது உள்ளே போயிருக்கும்.

எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. ராத்திரியும் தட்டை ஒதுக்கிவைத்தபோது பாவமாகிவிட்டது. சாத்தூரில் மரம் அறுக்கும் மில் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், மல்லாங்கிணறு பக்கம் வாங்கிப் போட்ட வேம்பையும் வாகையையும் கொண்டுவர வண்டி தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, நானே போய்ப் பேசினேன். முதலில் ஒரு லோடு வரட்டும், எப்படி ஏறுகிறது எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு, சரிப்பட்டால் வருடம் முழுக்கத் தருகிறேன் என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம் கறாராகச் சொன்னேன். இந்த ஒரு லோடு ஒழுங்காக இறங்கினால் வண்டி நம்முடையது. இல்லாவிட்டால் டயரை உதைத்தவருடையது.

தகரப் பெட்டியைக் கழற்றி, மரம் ஏற்றத் தோதாக மாற்ற வண்டியைப் பட்டறையில் விட்டோம். மர லாரிக்கு வேண்டியது கொஞ்சம்தான். கெட்டியான பலகைத் தளம், கட்டை உருண்டு டிரைவர் முதுகில் விழாமல் இருக்க முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு, பக்கத்துக்கு நாலு இரும்புத் தூண், பின்னால் குறுக்கே ஒரு சங்கிலி. நாலு நாள் வேலை என்றார் பட்டறைக்காரர். இவர் கூடவே நின்றதால் பதினோரு நாள் ஆனது.

பட்டாசு லோடு அடித்தவருக்கு இரும்பும் இரும்பும் உரசினால் ஈரக்குலை நடுங்கும். சங்கிலிக்குச் சாக்கில் உறை தைக்கச் சொன்னார். நான்தான் உட்கார்ந்து தைத்தேன், தலைவிதி. பலகையில் ஆணித்தலை எங்காவது துருத்துகிறதா என்று குழந்தை முதுகைத் தடவுவதுபோலத் தடவினார். அதற்கும் மேலே, கல் குவாரியில் கழித்துப் போட்ட அகலமான ரப்பர் கன்வேயர் பெல்ட் இரண்டு வாங்கிவந்து, தளத்தில் நீளவாக்கில் விரித்தார். ஆணி அடிக்க விடவில்லை. சும்மா விரித்ததுதான்.

"ஏண்ணே, மரம் என்ன வெடிக்கவா போகுது?" என்று பட்டறைக்காரர் கேட்டார். பழகிப்போச்சு என்றார் இவர்.

அடுத்து தூண்கள். அவற்றைக் குழாயில் செருகி, வேண்டும்போது உருவிக்கொள்கிற மாதிரி வைக்கலாம் என்றார் பட்டறைக்காரர். உருவ முடிகிற எதுவும் ஓடும்போது தானே உருவிக்கொள்ளும் என்பது இவர் கட்சி. அரைநாள் இதே பேச்சு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இவராவது கடைசியில் கொஞ்சம் யோசித்தார். பொறுமை கெட்டு, "அசையாம வெல்டு வச்சு விடுங்கண்ணே" என்று தீர்ப்புச் சொன்ன மகராசி நான்தான்.

மல்லாங்கிணற்றில் கிரேன் வைத்து மேலிருந்து மரம் ஏற்றினார்கள். ஒவ்வொரு கட்டை இறங்கும்போதும் இவர் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, "பைய, பைய வைங்க" என்றார். மரம் தூங்குதாண்ணே என்று கேட்டார் கிரேன்காரர். பன்னிரண்டு கட்டை ஏறியது. நானும் முன்னால் ஏறிக்கொண்டேன்.

வண்டி போன வேகத்துக்கு நான் இறங்கி நடந்திருந்தால் சாத்தூரில் சமைத்தே வைத்திருப்பேன். வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். வண்டியின் நெற்றியில் 'வெடிபொருள்' என்று எழுதியிருந்ததை அழிக்க இவர் விடவில்லை, ராசியாம். அதைப் பார்த்த கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டார். வண்டியில் மரம்தான் இருக்கிறது என்று சொன்னால், மரத்துக்குள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். டீ குடிக்காமலே கிளம்பினோம்.

மில்லுக்குள் போனதும் லோடு இறக்குகிறவர்கள் வந்து தூண் தூணாக ஆட்டிப் பார்த்தார்கள். எதை உருவுவது என்று என்னைக் கேட்டார்கள். அங்கே கிரேன் கிடையாது. ஒரு பக்கத்துத் தூண்களை உருவினால் கட்டை தானே உருண்டு இறங்கும், அதுதான் அவர்கள் வழக்கம். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கேஸ் வைத்துத் தூணை வெட்டிவிடலாம் என்றார் ஒருவர். வண்டிமேல் நெருப்பா என்று இவர் குறுக்கே போய் நின்றுவிட்டார். அண்ணாச்சி எட்டுத் தூணையும் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏத்த மட்டும் தெரிஞ்ச வண்டிய வச்சு நான் என்னம்மா செய்ய?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. எல்லாம் என் வாயால் கெட்டது.

இவர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். கட்டைகளுக்கு அடியிலிருந்து பெல்ட் இரண்டும் ஒரு முழம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், வண்டியைப் பின்னால் எடுத்து, அந்த மில்லில் அறுபடாமல் மிச்சமிருந்த ஒரே வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பெல்ட் முனைகளை மில்லில் கிடந்த ஒரு சங்கிலியால் மரத்தோடு கட்டினார். பின்பக்கக் குறுக்குச் சங்கிலியை அவிழ்த்தார்.

"அம்புட்டுப் பேரும் காம்பவுண்டுக்கு வெளிய போங்க."

சிரித்துக்கொண்டே போனோம். அண்ணாச்சியையும் சேர்த்து எங்களைத் தலை எண்ணிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

வண்டி முன்னால் நகர்ந்தது. பெல்ட் நகரவில்லை. பெல்ட்மேல் இருந்த பன்னிரண்டு கட்டையும் இருந்த வாக்கிலேயே பின்பக்கமாக வெளியே வந்து, டமார் என்று மொத்தமாகத் தரையில் விழுந்தன. மில் முழுக்கப் புழுதி. அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாளைக்கும் வரச் சொல்லும்மா, இந்த வேப்பமரத்தை நான் இனி வெட்ட மாட்டேன் என்றார்.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். அந்தப் பதினோரு நாளைக்கும் சேர்த்து ஏசுவதா கட்டிக்கொள்வதா என்றே தெரியவில்லை. கதவைத் திறந்தால், மனுஷன் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து, கண்ணை இறுக மூடி, காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறார். கையைப் பிடித்து விலக்கினேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எல்லாரும் இருக்காகளா?"

"இருக்கோங்க," என்றேன். "எல்லாரும் இருக்கோம். நாளைக்கும் வரச் சொல்லிருக்காக."