சத்தமாப் படி

நாற்பத்தைந்தில், யுத்தம் முடிந்த வருஷம்தான், விழுப்புரத்தில் என் மகள் கமலா எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் படித்தாள். எனக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். அவள் பாடங்களோ முக்கால்வாசி இங்கிலீஷ். சொல்லிக் கொடுக்க முடியாத நான், சமையலறையில் இருந்தபடி அவள் குரலைக் கேட்பதையே என் பங்காக நினைத்தேன். குரல் சற்று நின்றால் போதும், "என்னடி, சத்தத்தக் காணோம்?" என்பேன்.

"மனசுக்குள்ள படிச்சிக்கினு இருக்கேம்மா."

"மனசுக்குள்ள படிச்சா எனக்கு எப்படிக் கேக்கும்? சத்தமாப் படி!"

பரீட்சைக்கு முதல் நாள் காலையில் அவள் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை அடியோடு கட்டிவிட்டது. குழந்தை சத்தமே இல்லாமல் அழுததைப் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வீட்டுக்காரர்தான் அவள் தலையைத் தடவி, "பரீட்சய கையாலதானே எழுதப் போற? தொண்ட அது பாட்டுக்குத் தூங்கட்டும்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சில்லாமலே போய் எழுதினாள், பாஸும் பண்ணினாள்.

இப்போது அவள் திண்டிவனத்தில் டீச்சர். இந்த வருஷம் அவள் தம்பிக்குப் பரீட்சை. அவன் மனசுக்குள்ளேயே படிக்கிறான். நான் ஒன்றும் கேட்பதில்லை. பாலை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். காதுதான் பழக்கம் விடாமல் கமலாவின் குரலைத் தேடுகிறது.

லீவுக்கு அவள் ரயிலேறி வந்தால், நான் எழுதிய இது அச்சாகி வரும் பத்திரிகையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன்.

"தமிழ்தானேம்மா, நீயே படிக்கலாமே?" என்பாள்.

"படிக்கலாம். நீ சத்தமாப் படி" என்பேன்.