அம்மாவும் நானும் நிறுத்திய படகு

எங்கள் படகு இருபத்தாறு அடி நீளம். உள்ளே நிமிர்ந்து நின்றால் என் தலை இடிக்காது, என் கணவரின் தலை இடிக்கும். படுக்க ஒரு பலகை, ஒற்றை அடுப்பு, தண்ணீர் டாங்க், கூரைமேல் ஒரு சோலார் தகடு, அவ்வளவுதான் வீடு. நான் வில்லியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் எலக்ட்ரீஷியன். சென்னையில் யாரோ கைவிட்டிருந்த அந்தப் படகை வாங்கி, ஒயரிங் முழுவதையும் அவர் மாற்றினார். பாய்மரத்தின் கிழிந்த பாயை நான் தைத்தேன். கோடை விடுமுறை விட்டதும் பாகூரைத் தாண்டி, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே நங்கூரம் போடுவோம். பள்ளி திறக்கும்வரை அதில்தான் குடித்தனம்.

போன மே மாதம் அங்கே மூன்று பாய்மரப் படகுகள் நின்றன. ஒன்று எங்களுடையது. இன்னொன்றில் கொச்சியிலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வீட்டை விற்றுவிட்டு மனைவியோடு படகிலேயே வாழ்கிறவர். மூன்றாவது படகின் சொந்தக்காரரான பெண் டாக்டர், அதைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். தினமும் காலை ஏழு மணிக்கு வாக்கி டாக்கியில் பேசிக்கொள்வோம். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, யார் இன்று கரைக்குப் போகிறார்கள் என்று கேட்பதுதான் பேச்சு. ஒருவர் கடைக்குப் போனால் எல்லாருடைய பையும் அவர் கையில்.

என் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அத்தா இறந்த பிறகு வில்லியனூரில் எங்கள் ஹார்டுவேர் கடையைத் தனியாக நடத்துகிறவள் அவள். "ஒதியம்பட்டுல கல்லு வூடு கட்டிக்குனு, தண்ணியில போயி படுக்குறாளே" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வருத்தப்படுவாள். இரண்டு வருடம் அழைத்தும் வராதவள், அந்த மாதம் ஒரு நாள் டிபன் கேரியரோடு வந்து இறங்கினாள். ரப்பர் படகில் ஏற்றி அழைத்து வந்தேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கப்பல்னு சொன்னே. ஆட்டோ மாதிரி கீது" என்றாள். லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தேன். போட மறுத்துவிட்டாள்.

மதியம் என் கணவரும் கொச்சித் தம்பதியும் அவர்களுடைய ரப்பர் படகில் கரையேறி, கேஸ் சிலிண்டரும் காய்கறியும் வாங்கப் பாகூருக்குப் போனார்கள். அம்மாவும் நானும் சாப்பிட்டு முடித்தோம். திடீரென்று காற்று நின்றுபோனது. மேற்கே, வயல்களுக்கு மேல், வானம் கறுத்தது. கரையில் தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. அடுத்த நிமிடம் அந்தக் காற்று எங்கள் படகை அறைந்தது.

நான் ஓடிப்போய் எங்கள் நங்கூரக் கயிற்றை இன்னும் கொஞ்சம் நீட்டி விட்டேன். படகு பிடித்து நின்றது. டாக்டரின் படகும் அசையவில்லை. பிறகு கொச்சிப் படகைப் பார்த்தேன். காலையிலிருந்து அதன் பாய்மரம் எதிர்க்கரையில் இருந்த ஒரு மொட்டைப் பனைக்கு நேராக நின்றது. இப்போது பனை ஒரு பக்கம், பாய்மரம் ஒரு பக்கம். நங்கூரம் பிடி விட்டு, படகு முகத்துவாரத்தை நோக்கி நழுவிக்கொண்டிருந்தது. அங்கே மணல்திட்டின் மேல் அலைகள் வெள்ளையாக உடைந்தன. அதில் போய் உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் படகு பிளந்துவிடும்.

"அம்மா, அவங்க படகு போவுது" என்றேன்.

"அவங்க வூடு மொத்தமும் அதுலதான கீது?"

"ஆமாம்மா. வேற வூடு இல்ல அவங்களுக்கு."

அம்மா லைஃப் ஜாக்கெட்டை எடுத்துப் புடவைக்கு மேல் மாட்டினாள். "அப்ப கெளம்பு" என்றாள்.

"உனக்கு நீச்சல் தெரியாது. நீ இங்கியே இரு."

"ஒத்தையா போவ உட்ருவனா? வாயாடாத, கெளம்புடி."

எங்களிடம் உபரியாக இருந்த நங்கூரத்தையும் கயிற்றுச் சுருளையும் ரப்பர் படகில் போட்டோம். காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. துடுப்பால் திசையை மட்டும் திருப்பினால் போதும். ஆனால் கொச்சிப் படகைத் தவறவிட்டால் நாங்களும் அலைக்குள் போவோம். அதன் பின்பக்க ஏணி அருகில் வந்ததும் அம்மா இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் ரப்பர் படகைக் கட்டிவிட்டு மேலே ஏறி நங்கூரத்தைத் தூக்கினேன். அம்மா கீழேயிருந்து தள்ளினாள். பிறகு அவளும் ஏறி, கம்பியைப் பிடித்துத் தவழ்ந்தபடியே முன்பக்கத்துக்கு வந்தாள்.

பின்னால் மணல்திட்டுக்கு நாற்பது மீட்டர்கூட இருக்காது. தண்ணீர் ஆழம் மூன்று மீட்டர். கயிறு அடிமண்ணோடு சின்னக் கோணத்தில் சாய்ந்து இழுத்தால்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும். அதற்கு ஆழத்தைப் போல ஏழெட்டு மடங்கு கயிறு வேண்டும்.

"இருபத்தஞ்சு மீட்டர் உடும்மா. அதுக்கு மேல ஒரு அடிகூட உடாத. பின்னாடி எடமில்ல" என்று கத்தினேன்.

நான் நங்கூரத்தை இறக்கினேன். கயிறு அம்மா கையில். முப்பது வருடமாகக் கடையில் கயிறு அளந்த கை. காற்றுக்கு மேல் அவள் குரல் கேட்டது. "பத்து... பதினாலு... இருவது..." இருபத்தைந்து என்றதும் முன்பக்க இரும்புக் கொம்பில் மூன்று சுற்றுச் சுற்றி, காலை ஊன்றி, பின்னால் சாய்ந்தாள். நானும் அவள் இடுப்பைப் பிடித்துச் சாய்ந்தேன். படகு ஒரு உலுக்கு உலுக்கியது. மூக்கு மெதுவாகக் காற்றுப் பக்கம் திரும்பியது. நான் மணல்திட்டைப் பார்த்தேன். அது நெருங்கவில்லை.

"நின்னுச்சா?" என்றாள் அம்மா.

"நின்னுச்சும்மா."

"யா அல்லா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. மழை கொட்டத் தொடங்கியது. நாங்கள் நனைந்துகொண்டே சிரித்தோம். எதற்குச் சிரித்தோம் என்று தெரியாது.

ஒரு மணி நேரம் கழித்துக் காற்று அடங்கியதும் மூவரும் திரும்பி வந்தார்கள். தங்கள் படகு வேறு இடத்தில் நிற்பதைக் கண்டு கொச்சிக்காரர் காய்கறிப் பையைக் கரையிலேயே போட்டுவிட்டு ரப்பர் படகுக்கு ஓடினாராம். அவர் மனைவி படகுக்கு வந்ததும் அம்மாவின் கைகளைத் திருப்பிப் பார்த்து அழுதார். "அம்மே, எங்க வீட்டைக் காப்பாத்திட்டீங்க" என்றார்.

"எம் பொண்ணு கணக்கு போட்டா, நானு புடிச்சேன். அவ்ளோதான்" என்றாள் அம்மா.

என்னைப் பற்றி அம்மா அப்படிச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. பி.எட். முடித்தபோதுகூட. என் முகத்தைக் கணவர் பார்த்துவிடாதபடி, டீ போட அவர்களுடைய அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

மறுநாள் அவர்களுடைய பழைய நங்கூரத்தை இழுத்தபோது, யாரோ விட்டுப்போன கிழிந்த மீன்வலை அதைச் சுற்றியிருந்தது. மண்ணைப் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

பத்து நாள் கழித்து அவர்கள் நாகப்பட்டினத்துக்குக் கிளம்பினார்கள். முகத்துவாரத்தில் வழி வாரத்துக்கு வாரம் மாறும். எங்கே ஆழம், எங்கே மணல் என்று ரப்பர் படகில் போய், கயிற்றில் ஈயக்குண்டு கட்டி நான் அளந்து வைத்திருந்தேன். கொச்சிக்காரர் சுக்கானை என்னிடம் கொடுத்தார். "டீச்சரே, நீங்களே வெளியே கொண்டு போங்க" என்றார். இரண்டு முறை அலை மேலேறி நனைத்தது. அடி தட்டவில்லை. வெளியே தண்ணீர் ஆழ்கடல் நிறத்துக்கு மாறியதும் சுக்கானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூடவே வந்த ஒரு மீனவரின் ஃபைபர் படகில் தாவி ஏறினேன்.

அன்று கடையைப் பூட்டிவிட்டு அம்மாவும் வழியனுப்ப வந்திருந்தாள். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "யாருமா அந்தப் படக ஓட்றது?" என்று கேட்டாராம்.

"எம் பொண்ணுதாம்பா" என்றாளாம் அம்மா. அவர் கேட்காமலேயே நான் எந்த வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன் என்பதிலிருந்து, பாயை எத்தனை நாளில் தைத்தேன் என்பதுவரை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற என் கணவர்தான் இதை எனக்குச் சொன்னார்.