கருப்பை உள்வரியும் அடங்காத நொதியும்

செல் வளர்க்கிற வேலைக்கு வந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. உங்களுக்கும் அப்படித்தான் என்றால் வாங்க, நீங்கள் நம்ம ஆள்.

ஒரு துண்டு திசு

தஞ்சாவூரில் எங்கள் ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே மகப்பேறு மருத்துவமனை. கீழ்வேளூரிலிருந்து செல்வி என்றொரு அக்கா கருப்பையை எடுக்க வந்திருந்தார். கட்டி. மாதப்போக்கு நிற்காமல் கொட்டி, நடவுக்கே போக முடியாமல் வெளிறிப்போயிருந்தார். எடுக்கப்போகும் கருப்பையின் உள்சவ்வான உள்வரியில் ஒரு துண்டு ஆராய்ச்சிக்குக் கொடுப்பீர்களா என்று அனுமதி கேட்டேன். எதற்கு என்றார்.

"மாசாமாசம் இந்த உள்வரி வளருது, உதிருது. உதிர்க்கிறதுக்கு அங்கேயே நொதின்னு ஒண்ணு இருக்கு, சதையை அரிச்சு விடும். புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் இருக்கிறவரை அது அடங்கி இருக்கும். எப்படி அடக்குதுன்னுதான் பார்க்கிறோம்" என்றேன். அனுமதிப் படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"என்னைப் படுத்தின பாட்டுக்கு அதை நல்லா நோண்டிப் பாருங்க. எடுத்துக்கங்க."

அடங்க மறுத்தது

என்னோடு வேலை செய்யும் நஸ்ரின் கூத்தாநல்லூர்க்காரி. உள்வரியின் மேலடுக்குச் செல்களை மட்டும் பிரித்து, தட்டில் வளர்த்து, ஹார்மோன் ஊற்றினோம். தட்டிலுள்ள நீரை எடுத்துப் புரதம் கலந்த நீல ஜெல்லில் ஓட்டினால், நொதி தின்ற இடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். கோடு மறைய வேண்டும். மறையவில்லை. பாட்டிலை மாற்றினோம், அளவை மாற்றினோம், கடைசியில் செல்களையே திட்டினோம். கோடு பளிச்சென்று அப்படியே நின்றது.

துறைக் கூட்டத்தில் படத்தைக் காட்டினேன். மூத்த பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒன்று கேட்டார். அறையே சிரித்தது, நஸ்ரின் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏம்மா, ஹார்மோன்னு நினைச்சுத் தண்ணியை ஊத்திட்டீங்களா?"

கீழ்வீட்டுக்காரர்கள்

அந்தக் கோபத்தோடேயே டீ குடிக்கப் போனோம். நஸ்ரின் டீயைத் தொடவில்லை. "அக்கா, உடம்புக்குள்ள இந்தச் செல் தனியாவா இருக்கு? அடியில தாங்கி நிக்கிற செல்லை எல்லாம் நாமதானே பிரிச்சுத் தூக்கிப் போட்டோம்?" என்றாள். என் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அடிச்செல்களை அதே தட்டில் கீழே வைத்து, நடுவில் மெல்லிய சல்லடை ஒன்று கொடுத்து, மேலே பழைய செல்களை வைத்தோம். ஒன்றை ஒன்று தொட வழியில்லை, நீர் மட்டும் ஊடே போய்வரும். ஹார்மோன் ஊற்றினோம். இந்த முறை ஜெல்லில் கோடு இல்லை! கீழ்ச்செல்களை எடுத்துவிட்டுப் பார்த்தோம், கோடு வந்தது. திரும்ப வைத்தோம், போனது. ஹார்மோன் கிடைத்ததும் கீழ்ச்செல் ஒரு புரதத்தைத் தூது விடுகிறது. அது வந்து சேர்ந்தால்தான் மேலே நொதி அடங்குகிறது. அந்தப் புரதத்தை மட்டும் மறித்தபோது கோடு மறுபடி எழுந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. கையுறையோடு நஸ்ரின் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அல்லாவே! தண்ணி இல்லக்கா, ஹார்மோன்தான் ஊத்தியிருக்கோம்!"

மறு கூட்டம்

இம்முறை நஸ்ரினையே பேச விட்டேன். பேராசிரியர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெல் படம் வைத்திருந்தாள். கடைசியில் அவர் எழுந்து நேராக அவளிடம் வந்தார்.

"அந்தச் சல்லடைப் படத்தை எனக்கு அனுப்புங்கம்மா, நாளைக்குப் பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

ஹார்மோன் சொன்னால் மட்டும் போதாது, பக்கத்துச் செல்லும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற இந்தச் சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு தீபாவளியும் ஒரு ரம்ஜானும் ஆய்வகத்திலேயே கழிந்தன.