இருக்க வேண்டும் என்று வேண்டியது

என் மனைவிக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தபோது அவளைவிட நான்தான் அதிகம் பயந்தேன். ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு வலிப்பு வந்தது. கோவைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தோம், அறுவை சிகிச்சையும் முடிந்தது. தலையில் கட்டுடன் கிடந்தவளை விட்டுவிட்டு நர்சு எனக்குத்தான் பிரஷர் பார்த்தார்.

"ஏனுங்க, தலை என்னுது. கிறுகிறுப்பு உங்களுக்கா?" என்றாள் அவள், படுக்கையில் இருந்தபடியே.

கட்டியில் பெரும்பகுதியை எடுத்தாயிற்று, மிச்சம் கத்தி வைக்க முடியாத இடத்தில் இருக்கிறது என்றார் டாக்டர். எடுத்த துண்டை ஒரு சோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். கட்டிக்குள் இரண்டு ஜீன்கள் உடைந்து, சம்பந்தமில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்ப்பார்களாம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எனக்குத் தெரிந்த வழியில்தான் கேட்டேன்.

"ஒரு லாட் பனியனோட முன்பக்கத்தையும் இன்னொரு லாட்டோட பின்பக்கத்தையும் சேத்தித் தெச்சுப்போட்ட மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட அதேதான். சில பேருக்குத்தான் இருக்கும். இருந்தா அதைக் குறிவெச்சு வேலை செய்யற மாத்திரை இருக்கு. இல்லேன்னா கதிர்வீச்சும் வழக்கமான மருந்தும்தான்."

"அப்ப அந்தத் தப்பு இருக்கறது நல்லதுங்களா?"

"உங்களுக்கு நல்லதுதான்."

இருபது வருசமாகத் தப்புத் தையலைக் கண்டால் அதன்மேல் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைப்பதுதான் என் பிழைப்பு. பீஸில் தப்பு இருக்கக் கூடாது என்று கும்பிட்டுவிட்டுத்தான் காலையில் டேபிளுக்குப் போவேன். அன்றிலிருந்து தப்பு இருக்க வேண்டும் என்று கும்பிட ஆரம்பித்தேன். இது வேறு யாரோ என்று சாமி நினைத்திருக்கும்.

அந்தத் துண்டை மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது. ஆஸ்பத்திரி லேபில் அதை வாங்கி, நாலு தெரு தள்ளி, சோதனைக்கு அனுப்பும் ஆபீசில் நான் கொடுக்க வேண்டும். நல்ல வெயில். மெழுகு உருகிவிட்டால் என்ன ஆவது? வழியில் ஒரு பேக்கரியில் நுழைந்து, கொஞ்ச நேரம் இதை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டேன்.

"உள்ளார என்னுங்க?"

"என்ற சம்சாரத்தோட மூளைல இருந்து எடுத்ததுங்க."

பொய் சொல்லத் தெரியாததால் வந்த வினை. பேக்கரிக்காரர் ஃப்ரிட்ஜ் முன்னால் போய் மறித்து நின்றுகொண்டார். அந்த ஆபீசில் இருந்த பெண், இது இந்த வெயிலுக்கெல்லாம் உருகாதுங்க அண்ணா என்று சிரித்தாள். அடுத்து, அது வேறு யாருடைய துண்டோடாவது மாறிவிடுமோ என்று கவலைப்படத் தொடங்கினேன். ரிசல்ட் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கவலைப்பட நிறைய நேரம் கிடைத்தது.

இரண்டாவது வாரம் சேவூரிலிருந்து மாமியார் போன் செய்தார். கோயிலில் பூக் கேட்டிருக்கிறார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"மாப்பிள்ளை, வெள்ளைப் பூ வந்துருச்சுங்க! இனிக் கவலைய உடுங்க!"

"என்னன்னு கேட்டீங்க அத்தை?"

"டெஸ்ட்டுல எம்புள்ளைக்கு ஒண்ணும் இருக்காதுன்னா வெள்ளைப் பூவைக் குடு தாயேன்னு கேட்டனுங்க."

டாக்டர் சொன்னதை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"இருக்கோணுமா? ஏனுங்க, கட்டுன பொண்டாட்டிக்குத் தப்பு இருக்கோணும்னு எந்த ஊர்லீங்க வேண்டுவாங்க?"

"கேள்விய மாத்தி மறுபடி ஒருக்கா கேக்க முடியாதுங்களா?"

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான் கேக்கோணும். சாமி சொன்னதை உங்க கம்பெனியாட்டம் ரீசெக்கிங் பண்ண முடியாதுங்க."

பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு. "பாவம், அந்த அம்மனைச் சொல்லி என்ன பண்றது? கேட்டதுக்குத்தானே பதில் சொல்லும்?" என்றாள். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வந்திருப்பது என்னவென்று அவளுக்குப் புரிந்திருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ரிசல்ட் வந்தது ஒரு மத்தியானம். டாக்டரே கூப்பிட்டார். ஒட்டு இருக்கிறது, அதுவும் மாத்திரை உள்ள வகை என்றார். உறுதிதானா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் குரல் மாறிவிட்டது. சூப்பர்வைசரிடம்கூடச் சொல்லாமல் கிளம்பிப் போய், வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன்.

"இருக்குது! இருக்குது!"

மகளைப் பார்க்க வந்திருந்த மாமியார் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு, "அடி கண்ணூ" என்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி அழுவதையும் ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றார்கள்.

"அழுவாதீம்மா," என்றாள் மனைவி. "கலியாணம் ஆனதுலருந்து இன்னைக்குத்தான் இந்த மனுசன் சந்தோசமா ஊட்டுக்குள்ள வந்துருக்கறாரு. அதையும் கெடுத்துப்போடாத."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமியாருக்கு மறுபடி முதலிலிருந்து விளக்கினேன்.

திரும்பிப் பார்த்தபோது மனைவி அங்கே இல்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, எந்தப் பாத்திரத்தையும் கழுவாமல் நின்றுகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நெசமாலுமே மாத்திரை இருக்குதுங்களா? இல்ல, எனக்கோசரம் சொல்றீங்களா?"

இத்தனை நாளும் அவள் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. அந்த மாத்திரை எல்லோருக்கும் கேட்பதில்லை, கேட்டாலும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடக்கூடியவன்தான் நான்.

"இருக்குது," என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.