அப்பா பொறுக்கிய மெழுகுவர்த்திகள்

வாசனை பார்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்பா மூடவில்லை. அன்றைக்குக் கடையில் எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை. பாளையங்கோட்டை ஃபேன்ஸி ஸ்டோர்களில் அப்போதுதான் வாசனை மெழுகுவர்த்தி வந்து இறங்கியிருந்தது. எங்கள் ஆபீசில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் பால்காய்ப்பு என்றாலும் பரிசு வாங்கி வருகிற வேலை என் தலையில்தான் விழும். சுவர்க் கடிகாரமும் எவர்சில்வர் குடமும் வாங்கி வாங்கி அலுத்துப்போய் நான் மெழுகுவர்த்திக்கு மாறியிருந்தேன். மாறியதோடு அதில் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பும் வந்துவிட்டது. நல்ல மெழுகுவர்த்தியைத் தடவினால் விரலில் எண்ணெய் ஒட்டக்கூடாது. திரி நட்டநடுவில் நிற்க வேண்டும். பொருத்தாமலே கடையைத் தூக்குகிற வாசனை என்றால் வீட்டில் தலைவலிதான் மிஞ்சும். ஒன்றைப் பொருத்தி, அணைத்து, அந்தப் புகையையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பேன். கடைக்கார அண்ணாச்சிக்கு என்னைக் கண்டாலே முகம் சுருங்கும்.

மதுரையில் தங்கை புது வீடு கட்டியிருந்தாள். மறு வாரம் பால்காய்ப்பு. பரிசு பொறுக்க ஏரலிலிருந்து அப்பாவையும் வரச் சொல்லியிருந்தேன். அப்பா ரிட்டையர் ஆன டிராயிங் மாஸ்டர். அம்மா போன பிறகு ஏரல் வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னோடு வந்துவிடுங்கள் என்று நான் கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"என் அடுப்ப நான் பாத்துக்கிடுத வரைக்கும் அந்த வீட்ட விட்டு வரமாட்டேன். அது முடியாமப் போச்சுன்னா நீ சொல்லுத இடத்துக்கு வாரேன்."

இந்தப் பேச்சில் எங்களுக்குள் எத்தனையோ தடவை முட்டிக்கொண்டிருக்கிறது.

அண்ணாச்சி கண்ணாடி டம்ளர்களில் ஊற்றிய மெழுகுவர்த்திகளை மேசைமேல் எடுத்து வைத்தார். லேபிள் எதிலும் இல்லை. அப்பா ஊதா நிறத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கண்கள் நிறத்தின் மேலேயே இருந்தன.

"லாவெண்டர்" என்றார். சரிதான். அடுத்து ரோஸ் நிறம். "ரோஜா. கொஞ்சம் தூக்கல்." அதுவும் சரி. மஞ்சளை எடுத்தார். "எலுமிச்சை. மூக்கத் துளைக்குது பாரு."

வாங்கி முகர்ந்தேன். சந்தனம். அப்போதுதான் அரைத்தது மாதிரி மணந்தது.

"சளி பிடிச்சிருக்காப்பா?"

"எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்."

போன மாதம் ஏரலுக்குப் போயிருந்தபோது அவர் ஊற்றிய சாம்பார் ஊசிப்போயிருந்தது. தனியாக இருக்கிற மனுஷன், எதிலும் கவனம் இல்லை என்று கத்திவிட்டு வந்திருந்தேன். ஆனால் நான் இலையைத் தள்ளி வைப்பதற்கு முன்னாலேயே அவர் அதை இரண்டு கரண்டி ஊற்றி நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்திருந்தார். கடையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

ஓரத்தில் கிடந்த தடித்த வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கரண்டு போனால் பொருத்துகிற சாதா மெழுகுவர்த்தி. வாசனையே கிடையாது. "சார்வாள், அது வந்து..." என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

அப்பா அதை மூக்கருகே வைத்தார். அன்றைக்கு முதல் தடவையாகக் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"பிச்சிப்பூ" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "இது எனக்கு. தனியா கட்டச் சொல்லு."

தங்கைக்குச் சந்தனத்தையே எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்கு ஒன்று வாங்க நினைத்திருந்தேன், வாங்கவில்லை. கடைப் படி இறங்கும்போது, "நானும் இப்ப உங்ககூட ஏரலுக்கு வாரேன்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்டார். சும்மாதான் என்றேன்.

ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மாள் பஸ்ஸில் ஏறினாள். கூடையை எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள். முன் சீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்தினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா வெளியே வாழைத் தோட்டத்தைப் பார்த்தபடி, மடியில் மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அவரே பேச்சை எடுத்தார்.

"நேத்து புது சிலிண்டர் வந்துது. வழக்கமா மாட்டித் தார பையன் வரல. நானே மாட்டிட்டேன்."

"உள்ள ரப்பர் வாசர் இருந்திச்சாப்பா? சோப்புத் தண்ணி விட்டுப் பாத்தியளா?"

"அது எதுக்கு? கசிஞ்சா மூக்குக்குத் தெரியாதாக்கும்?"

காலையில் ஜன்னல் கதவெல்லாம் அடைத்துப் பூட்டிவிட்டு வந்திருப்பார். பகல் முழுக்க வீடு பூட்டியே கிடக்கிறது. ஆற்றுப் பாலம் வந்தது, இருட்டவும் ஆரம்பித்துவிட்டது. டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தி நிறுத்தி எடுத்தது என் உயிரை வாங்கியது.

இறங்கிப் பார்த்தால் ஊரில் கரண்டு இல்லை. அப்பா வழக்கம்போல விறுவிறுவென்று முன்னால் போனார். பின்னால் ஓடிய என்னைப் பக்கத்து வீட்டு அம்மாள் மறித்து ஏதோ விசாரித்தாள். பதில் சொல்லிவிட்டு நான் வாசலுக்குப் போவதற்குள் அவர் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளிவிட்டார். உள்ளிருந்து குப்பென்று வந்து என் முகத்தில் அடித்தது.

கேஸ்.

"ஒரே இருட்டா இருக்கு. இரு, நம்ம பிச்சிப்பூவப் பொருத்துதேன்" என்றார் அப்பா. அவர் சட்டைப் பையில் எப்போதும் தீப்பெட்டி இருக்கும். குச்சியை எடுத்துவிட்டார். பெட்டியில் உரசவும் வைத்துவிட்டார். பாய்ந்து அவர் கையில் ஓங்கி அடித்தேன். தீப்பெட்டி தெருவில் போய் விழுந்து குச்சிகள் சிதறின. என் வாழ்நாளில் அப்பாவை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

அவரைத் தெருவுக்கு இழுத்து விட்டுவிட்டு, வாசல் சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். கரண்டு வந்து ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் அதன் பொறி ஒன்றே போதும், வீடே வெடிக்க. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு இருட்டில் தடவித் தடவி அடுக்களைக்குப் போய் ரெகுலேட்டரை மூடினேன். பின்கதவைத் திறந்தேன், ஜன்னல்களைத் திறந்தேன். வெளியே வந்து தெருவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க விளக்கு வந்தது. எங்கள் வீடு மட்டும் இருட்டாக நின்றது. நான் அவர்கூட வராமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

எதிர் வீட்டு மதிலை ஒட்டி அப்பா நின்றுகொண்டிருந்தார். அடிபட்ட கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கேஸா?" என்றார்.

"எத்தனை நாளா இப்படி?"

"போன ஆடியில காய்ச்சல் வந்துச்சுல்லா. அதோட போச்சு."

"ஏன் சொல்லல?" நான் கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா மறுநாளே என்னயக் கூட்டிட்டுப் போயிருவ."

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். இத்தனை வருஷம் சண்டை போட்டு வாங்க முடியாததை அவராகவே கொடுக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது. கேஸ் முழுக்க வெளியேறிய பிறகு சிலிண்டரை முற்றத்துக்கு உருட்டிவிட்டு, அவருடைய துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினேன்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அப்பா பைய ஆரம்பித்தார்.

"ஊதா, ரோஸ், மஞ்சள் எல்லாம் கலரப் பாத்துத்தான் சொன்னேன். அந்த வெள்ளையச் சொல்லும்போது நான் பொய் சொல்லல. அது பிச்சிதான? உங்க அம்மைக்கு வாங்குவம்லா, அது."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அப்பாவிடம் இன்னொரு பொய்யை வைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

"அது சாதா மெழுகுவர்த்திப்பா. அதுல ஒரு வாசமும் கிடையாது."

நின்றுவிட்டார். தெரு விளக்கடியில் பொட்டலத்தைப் பிரித்து, மெழுகுவர்த்தியை எடுத்து மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார்.

"எனக்கு வருதேட்டி" என்றார்.