வட்டமாக இல்லாத நிலா

"நீ என்ன வீடியோ கேம் ஆடி வளந்த பொண்ணா? படம் எப்படி இருக்கணும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

என் முதலாளி இப்படிக் கேட்டது, நான் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில். நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: "சார், நிலா முட்டை மாதிரி இருக்கு."

அந்தப் பட்டறை முன்பு கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்துகொண்டிருந்தது. இப்போது பழைய வீடியோ கேம் பெட்டிகள் செய்கிறது. ஆள் உயரத்துக்கு ஒரு பிளைவுட் பெட்டி, அதற்குள் ஒரு சாதாரண டிவி, கீழே கைப்பிடியும் பொத்தான்களும், பின்னால் உள்ளங்கை அளவு ஒரு கணினி. அந்தக் கணினியில் எமுலேட்டர் ஓடும். பழைய கேம் இயந்திரம் செய்த வேலையை அப்படியே நடித்துக் காட்டும் மென்பொருள் அது. காபிக் கடைகளும் ரிசார்ட்டுகளும் வாங்கி வைக்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் 'சின்ன வயசு ஞாபகம்' என்று அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரி. பட்டறையில் எனக்குக் கொடுத்த வேலை, பில் போடுவதும் போன் எடுப்பதும். பெட்டிகளை அமைக்கும் மேஜை தனியாக இருந்தது. அதில் ஒரு சீனியர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் முன்பு கேபிள் டிவிக்காரர். பெட்டி தயாரானதும் மெனுவில் 'முழுத்திரை' என்று அமுக்குவார், மூடுவார், அனுப்புவார். அவ்வளவுதான் அமைப்பு.

அன்று அவர் ஓடவிட்டிருந்த விளையாட்டில் ஒரு நிலா வந்தது. அதன் இரண்டு பக்கத்தையும் யாரோ பிடித்து இழுத்தது போல் இருந்தது. பழைய விளையாட்டுகள் ஏறக்குறைய சதுரமான டிவிக்காக வரையப்பட்டவை. அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று. இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தை வடிவம் கெடாமல் புது டிவியில் வைத்தால் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழும். பட்டை வேண்டாம் என்று இழுத்து நிரப்பினால் மரம் குட்டையாகும், மனிதன் குண்டாவான், நிலா முட்டையாகும். இதைச் சொல்ல ஒருத்தி கேம் ஆடி வளர்ந்திருக்க வேண்டுமா? நிலாவைப் பார்த்து வளர்ந்திருந்தால் போதாதா?

ஆனால் முதலாளி கேட்டது நிலாவைப் பற்றி அல்ல. என்னைப் பற்றி. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா பஞ்சாலையில் இருந்தார். ஆலை மூடிய பிறகு ஒரு அடுக்குமாடியில் செக்யூரிட்டி. அம்மா அதே தட்டாஞ்சாவடியில் சோப்பு பேக்கிங். வீடியோ கேம் இருந்த வீடு எது, இல்லாத வீடு எது என்று முதலாளிக்கு என் செருப்பைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

நான் ஆடவில்லை என்பது உண்மை. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் கேம் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் என்னை உள்ளே கூப்பிட்டதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்ப்பேன். கையில் பொத்தான் இல்லாதவளுக்குத் திரை மட்டும்தானே இருக்கிறது? அவர்கள் ஜெயிப்பதிலும் தோற்பதிலும் மும்முரமாக இருந்தபோது, நான் மேகம் என்ன வடிவம், செங்கல்லுக்கு எத்தனை நிறம், நிலா எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆடியவர்களைவிட நன்றாகத் தெரியும். இதை முதலாளியிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், 'ஐயோ பாவம்' என்றிருப்பார். அது எனக்கு வேண்டாம்.

எங்கள் ஊரில் இந்தக் கருப்புப் பட்டையின் மேல் எல்லாருக்கும் ஒரு பகை. என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். பழைய படம் போட்டால் அப்பா உடனே ரிமோட்டை எடுத்து ஜூம் போட்டுவிடுவார். கதாநாயகனுக்கு நெற்றி போய்விடும்.

"அப்பா, தலையே வெட்டுப்படுது பாரு."

"படட்டும். முழு டிவி வாங்கிட்டு முக்கா டிவி பாக்கச் சொல்றியா?"

அம்மா சிரிப்பார். "விடுடி. உங்கப்பாவுக்குத் தலைமுடி இல்ல, அதான் யாருக்கும் இருக்கக்கூடாதுன்னு பாக்குறாரு."

வீட்டில் அது சிரிப்பு. பட்டறையில் அது என் வேலை. அந்த அமைப்பு மேஜை எனக்கு வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. கடைசியில் பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு காபிக் கடையிலிருந்து மூன்று பெட்டிகளுக்கு ஆர்டர் வந்தபோது இறங்கி வந்தார்.

"சரி. ரெண்ட அவன் செய்யட்டும். ஒண்ணு நீ செய். ஒரு கம்ப்ளெயின்ட் வரக்கூடாது. வரலைன்னா மேஜை உனக்கு. வந்துச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. புரியுதா?"

புரிந்தது. அந்தப் பெட்டியை நான் அமைத்தது போல் யாரும் அமைத்திருக்க மாட்டார்கள். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலில் வடிவம்: நான்குக்கு மூன்று. அடுத்து பெருக்கம். பழைய படம் பெரிய பெரிய புள்ளிகளால் ஆனது. எல்லாப் புள்ளியையும் சரியாக நான்கு மடங்கு ஆக்கினால் ஒழுங்காக இருக்கும். நான்கரை மடங்கு ஆக்கினால் ஒரு புள்ளி தடிக்கும், பக்கத்துப் புள்ளி மெலியும். படம் நகரும்போது செங்கல் சுவர் தண்ணீரில் தெரிவது போல் நெளியும். அதனால் முழு மடங்கு மட்டும் வைத்தேன். படத்தை எண்ணெய் தடவியது போல் மழுமழுவென்று ஆக்கும் ஒரு வசதியும் இருந்தது. அதை அணைத்தேன்.

அப்புறம் டிவி. டிவி தனக்கு வரும் ஒவ்வொரு காட்சியையும் மெருகேற்றித்தான் காட்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். சினிமா பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. விளையாடுகிறவர்களுக்குத் தெரியும்: விரல் இப்போது அமுக்கும், ஆள் அப்புறம் குதிப்பான். டிவி மெனுவில் 'கேம்' என்று ஒரு முறை இருக்கிறது. அதைப் போட்டால் மெருகேற்றுவதை விட்டுவிட்டு வந்ததை வந்தபடி காட்டும். அதைப் போட்டேன்.

கடைசியாக வட்டம் வட்டமாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஸ்கேலை வைத்து அளக்கலாம். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் திரையில் ஸ்கேல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் நெற்றியிலிருந்த வட்ட ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, விளையாட்டை நிறுத்தி, நிலாவின் மேல் ஒட்டினேன். பொட்டைச் சுற்றி நாலாப்பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிந்தது. சீனியர் அண்ணனின் பெட்டியில் ஒட்டினால் பொட்டுக்கு இடமும் வலமும் நிலா பிதுங்கி நின்றது.

"என்னா பட்டதாரியம்மா," என்றார் அவர். "இது கேம் பெட்டியா, உங்க வீட்டு பாத்ரூம் கண்ணாடியா? பழைய பொட்டெல்லாம் இதுல ஒட்டி வெக்கிற?"

"பாத்ரூம் கண்ணாடி கூட மூஞ்சிய மூஞ்சி மாதிரிதாண்ணா காட்டும்," என்றேன். பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் தன் பெட்டிகளை மாற்றவில்லை.

காபிக் கடை திறப்பு விழா அன்று மூன்று பெட்டிகளுக்கும் சந்தனம் வைத்து, மாலை போட்டு, வரிசையாக நிறுத்தியிருந்தோம். கடைக்கார அம்மா சொல்தா வீட்டுப் பெண். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்த அம்மா சிறுவயதில் பிரான்சில் வளர்ந்தவர். வருகிறவர்களிடம் எல்லாம் "போன்ழூர், வாங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் முதலாளி பட்டு வேட்டியில் வந்தார். மூன்று பெட்டிகளையும் பார்த்தார். இரண்டில் படம் விளிம்பு வரை. என்னுடையதில் இரண்டு பக்கமும் கருப்பு.

"இன்னாம்மா இது? நல்ல நாளும் அதுவுமா ரெண்டு பக்கம் துக்கத்துக்குக் கட்டுன மாதிரி கருப்பு?"

"சார், அதுதான் சரியான..."

"கஸ்டமர் முன்னாடி வாய மூடும்மா."

ரிமோட்டை எடுத்தார். ஜூம் போட்டார். பட்டை போயிற்று. கூடவே மேலே இருந்த ஸ்கோரும் கீழே இருந்த தரையும் போயின. திரையில் ஒருவன் பாதம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தான். அதோடு விட்டாரா? நிறம் மங்கலாக இருக்கிறது என்று மூன்று பெட்டியிலும் 'விவிட்' என்ற பளபளப்பு முறையைப் போட்டார். நான் போட்ட கேம் முறை போயிற்று, ஆரஞ்சு எல்லாம் எரிந்தது. "இப்ப பாரு, எப்படி இருக்கு!" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். நான் கேசரித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே காபிக் கடையிலிருந்து போன் வந்தது. எடுத்தது நான்தான், போன் எடுப்பது என் வேலை அல்லவா. பொத்தான் எல்லாம் தாமதமாக வேலை செய்கிறது, பிள்ளைகள் எரிச்சலோடு எழுந்து போகிறார்கள், ஒரு பெட்டியில் ஸ்கோரே காணோம். நான் முதலாளியிடம் சொன்னேன்: பொத்தானில் ஒன்றும் இல்லை, விவிட்டை எடுத்துவிட்டு கேம் முறையைப் போட்டால் சரியாகிவிடும். அவர் சீனியர் அண்ணனைப் பார்த்தார்.

"பொண்ணு கை வெச்சப்பவே நெனச்சேன். நீ போயி பட்டன மாத்திட்டு வா."

மூன்று பெட்டியிலும் பொத்தான் மாற்றினார். மறுபடி அதே புகார். மறுபடி மாற்றினார். நல்ல பொத்தான்களைப் பிடுங்கி நல்ல பொத்தான்களைப் போட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு பீச் ரோடு போனேன். காற்று வாங்கத்தான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அந்தக் காபிக் கடை வாசலில் நான் நின்றதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "சண்ட போடத்தான் வந்தியா? சரி, போட்டுட்டு சீக்கிரம் வா" என்று எதிர்ப்பக்கம் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

கடைக்கார அம்மாவிடம் ரிமோட்டைக் கேட்டு வாங்கினேன். மூன்றிலும் கேம் முறை. என் பெட்டியில் ஜூமை எடுத்தேன். மற்ற இரண்டில் மெனுவுக்குள் போய் வடிவத்தை மாற்றினேன். பிறகு நிலாவின் மேல் பொட்டை ஒட்டிக் காட்டினேன். அவர் கைப்பிடியைப் பிடித்து ஒரு குதி குதிக்கவிட்டார். விரலோடு சேர்ந்தே ஆளும் குதித்தான்.

"வொலா!" என்றார். "இதான், இதான் கேம்! எங்க வீட்ல என் தம்பியோட சண்ட போட்டு ஆடினது. இத்தன நாளா ஏதோ சரியில்லன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. என்னான்னுதான் தெரியல."

அவர் ஆடி வளர்ந்தவர். பிரான்சிலேயே ஆடி வளர்ந்தவர். அவர் கடையில் அத்தனை நாளும் நிலா முட்டையாகத்தான் இருந்தது.

அவர் அப்போதே முதலாளிக்குப் போன் செய்து, "உங்க பொண்ணு வந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டா" என்று சொன்னார். திங்கட்கிழமை நான் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலாளி கூப்பிட்டார்.

"யார் உன்ன அங்க போகச் சொன்னது?"

"சரியாயிடுச்சு இல்ல சார். மேஜை..."

"மேஜையா? நான் என்னா சொன்னேன்? கம்ப்ளெயின்ட் வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? வந்துச்சா இல்லியா?"

"அது நீங்க ரிமோட்ல மாத்துனதால சார்."

"வந்துச்சா, இல்லியா?"

வந்தது. அந்தப் போனை எடுத்தவளே நான்தான். சீனியர் அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். மூன்று பெட்டியிலும் இரண்டு முறை பொத்தான் மாற்றியவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் ஒரு திருகாணியை ரொம்பக் கவனமாகத் தேடிக்கொண்டிருந்தார். முதலாளியின் பேச்சைவிட அந்தத் திருகாணிதான் எனக்கு இன்றும் எரிகிறது.

அப்பா அன்று மாலை, "பில் போடுற வேலைக்கு என்னா கொறச்ச? ஏசில ஒக்காந்திருக்க" என்றார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னிடம் மட்டும் கேட்டார்: "அந்தப் பிரான்சுக்காரம்மா உன் நம்பர வாங்கிச்சா?"

வாங்கியிருந்தார். தவளக்குப்பத்தில் தனக்குத் தெரிந்த ஒருவர் செல்போன் கடை மாடியில் கேம் அறை வைத்திருப்பதாகவும், அங்கேயும் பொத்தான் தாமதம் என்று புலம்புவதாகவும் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மாலை பில் மேஜைச் சாவியை முதலாளியின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். "எங்க போயி என்னா செய்யப் போற?" என்றார்.

இன்று காலை தவளக்குப்பம் போய்வந்தேன். மாடி முழுக்க ஒரே ஆரஞ்சு, எல்லாரும் குண்டு. பெட்டி பெட்டியாக வடிவத்தைத் திருத்தி, பொட்டு ஒட்டிப் பார்த்து, கேம் முறையைப் போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது கடைக்காரரிடம் ரிமோட்டுகளை நீட்டினேன்.

"நீயே வெச்சிக்கம்மா," என்றார் அவர். "இங்க இருந்தா எவனாவது ஜூம் போடுவான். தேவைன்னா உன்னையே கூப்புடுறேன்."

ரிமோட்டுகள் என் பையில் இருக்கின்றன.